கைரன் தோஷமாம்!

போன ஆவணியில் என் தம்பி மகளுக்கு வந்த ஒரு வரன் தட்டிப் போனது. வரன் தட்டிப் போவது எங்கள் பக்கம் புதிதில்லை. நகை குறைந்தால் போகும், நிறம் குறைந்தால் போகும், பெண் ஒரு டிகிரி கூடப் படித்திருந்தாலும் போகும். ராகு கேது, செவ்வாய், மூலம், ஆயில்யம் எல்லாம் நமக்குப் பழக்கப்பட்ட காரணங்கள். இந்த முறை வந்த காரணம் நான் எழுபது வயதுக்கு மேல் முதன்முதலாகக் கேட்டது. பெண்ணுக்குக் "கைரன் தோஷம்" இருக்கிறதாம்.

பையன் சாத்தூர்ப் பக்கம். நல்ல குடும்பம். பத்துப் பொருத்தத்தில் எட்டு இருந்தது. பெண் பார்த்து, பஜ்ஜி காபி முடிந்து, பூ வைக்கிற தேதி வரை பேசிவிட்டார்கள். அதற்குப் பிறகு பையனின் சித்தப்பா, யாரோ சொன்னார்கள் என்று, கோவில்பட்டியிலேயே கம்ப்யூட்டரில் ஜாதகம் போடும் ஒரு இளைஞரிடம் காட்டியிருக்கிறார். அவர் பதினாறு பக்கத்துக்குப் பிரிண்ட் எடுத்துக் கொடுத்து, கடைசிப் பக்கத்தில் சிவப்பு மையால் ஒரு வட்டம் போட்டிருக்கிறார். "ஏழாம் இடத்துல கைரன் உக்காந்திருக்கு. அது காயப்பட்ட கிரகம். வர்ற மாப்பிள்ளைக்கு ஆகாது." அவ்வளவுதான். மறுநாள் காலையில் தம்பிக்குப் போன் வந்தது.

தம்பி என்னிடம் அந்தக் காகிதத்தைக் கொண்டுவந்து கொடுத்தான். நவக்கிரகப் பட்டியலுக்குக் கீழே யுரேனஸ், நெப்டியூன், புளூட்டோ. அதற்கும் கீழே, வீட்டுச் சாவியைத் தலைகீழாக மாட்டி வைத்தது போல ஒரு குறி. வெளிநாட்டு மென்பொருளில் இருந்ததைத் தமிழ்ப் படுத்தியவர் அந்தக் குறியை நீக்க மறந்துவிட்டார் போலிருக்கிறது. அந்த ஒரு சாவி இருபத்தொன்பது வயதுப் பெண்ணின் வீட்டுக் கதவைப் பூட்டிவிட்டது.

எனக்குக் கோபம் வந்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. அந்தக் கைரனை எனக்குச் சின்ன வயதிலேயே தெரியும். நான் தாய்மாமா வீட்டில் புதுச்சேரியில் வளர்ந்தவன் என்று முன்பே எழுதியிருக்கிறேன். 1954-ல் பிரெஞ்சுக்காரர்கள் போன பிறகும் பிரெஞ்சு வழிப் பள்ளிகள் நடந்துகொண்டுதான் இருந்தன. நான் அப்படி ஒன்றில் படித்தவன். (தமிழில் குறிப்பு எழுத அரசு வேலைக்கு வந்த பிறகுதான் கற்றேன். தமிழ்த் தேர்வு எழுதித்தான் இன்கிரிமென்ட் வாங்கினேன்.) எங்கள் வாசகப் புத்தகத்தில் கிரேக்கக் கதைகள் வரும். இடுப்புக்கு மேல் மனிதன், கீழே குதிரை என்று ஒரு கூட்டம், சென்டார்கள். குடித்துவிட்டு ரகளை செய்கிற கூட்டம். அதில் ஒருவன் மட்டும் பெரிய ஞானி, வைத்தியன், வீரர்களுக்கெல்லாம் வாத்தியார். அவன்தான் எங்கள் ஆசிரியர் மூக்கால் "கிரோன்" என்று சொன்ன கைரன். தவறிப் பட்ட ஒரு விஷ அம்பால் ஆறாத புண் வந்து துன்பப்பட்டவன். "காயப்பட்ட கிரகம்" என்று நம் ஜோதிடர் சொன்னது இந்தக் கதையின் மிச்சம். கிரேக்கத்து வைத்தியனின் கால்புண் இரண்டாயிரம் வருஷம் கழித்துக் கோவில்பட்டியில் ஒரு கல்யாணத்தை நிறுத்துகிறது!

சரி, வானத்தில் இருக்கும் கைரன் என்ன? அதைச் சொல்லிவிட்டுச் சண்டைக்குப் போகிறேன்.

1977 நவம்பர் 1-ஆம் தேதி, அமெரிக்காவில் பாலோமார் மலை வானாய்வகத்தில் சார்லஸ் கோவல் என்பவர், அக்டோபரில் எடுத்த புகைப்படத் தட்டுகளை வைத்துப் பார்க்கும்போது மெதுவாக நகரும் ஒரு புள்ளியைக் கண்டார். சுமார் இருநூறு கிலோமீட்டர் குறுக்களவு. பனியும் தூசியும் கல்லும் சேர்ந்த ஒரு கட்டி. சூரியனைச் சுற்ற ஐம்பது வருஷம். ஒரு முனையில் சனியின் பாதைக்கு உள்ளே வந்து, மறுமுனையில் யுரேனஸின் பாதை வரைக்கும் போய்வருகிறது. சூரியனிலிருந்து கிட்டத்தில் சுமார் 125 கோடி கிலோமீட்டர், தூரத்தில் சுமார் 280 கோடி. அதன் பிறகு அதேபோலப் பெருங்கோள்களுக்கு நடுவே திரிகிற பனிக்கட்டிகள் பல அகப்பட்டன. எல்லாவற்றுக்கும் சேர்த்துச் சென்டார்கள் என்றே பெயர் வைத்தார்கள். பாதிக் குறுங்கோள், பாதி வால்நட்சத்திரம் என்பதால் அந்தப் பெயர் பொருந்தியும் போனது.

கைரனையே பாருங்கள். முதலில் அதைக் குறுங்கோள் என்று பதிவு செய்து 2060 என்று எண் கொடுத்தார்கள். 1988-ல் அது எதிர்பார்த்ததைவிடப் பிரகாசமானது. மறு வருஷம் சுற்றிலும் மங்கலாக ஒரு புகை மண்டலம் தெரிந்தது. வால்நட்சத்திரத்தின் குணம். உடனே வால்நட்சத்திரப் பதிவேட்டிலும் ஏற்றி, 95பி என்று இன்னொரு எண் போட்டார்கள். ஒரே ஆள், இரண்டு ரிஜிஸ்டர். தாலுகா ஆபீஸில் ஒரே நிலத்துக்கு இரண்டு பட்டா இருந்தால் நாங்கள் எத்தனை விளக்கக் கடிதம் எழுதியிருப்போம்! அவர்கள் இரண்டையும் வைத்துக்கொண்டார்கள், ஏனென்றால் இரண்டுமே உண்மை.

இவை நிலையான குடித்தனக்காரர்களும் அல்ல. நெப்டியூனுக்கு அப்பாலுள்ள குளிர்ந்த வட்டாரத்திலிருந்து உள்ளே நழுவி வந்தவை. பெருங்கோள்கள் ஆளுக்கொரு பக்கம் இழுக்க, பாதை மாறிக்கொண்டே இருக்கும். சில லட்சம், சில பத்து லட்சம் வருஷங்களில் ஒன்று வியாழன் பக்கம் வந்து முழு வால்நட்சத்திரமாகும், அல்லது சூரிய மண்டலத்தை விட்டே வெளியே எறியப்படும். அரசாங்க பாஷையில் சொன்னால் தற்காலிகப் பணியிடம். நிரந்தரம் ஆவதே இல்லை.

இதில் தோஷம் எங்கே இருந்து வந்தது?

பெயரிலிருந்து வந்தது. அதுதான் என் முதல் ஆட்சேபணை. கோவல் அதற்குக் கைரன் என்று பெயர் வைத்தது, அது யாருக்காவது காயம் உண்டாக்கியதால் இல்லை. கிரேக்கக் கதையில் கைரன், சனிக்குரிய தெய்வத்தின் மகன், யுரேனஸின் பேரன். புதிதாக அகப்பட்ட பொருள் சனிக்கும் யுரேனஸுக்கும் நடுவில் இருந்தது. அப்பாவுக்கும் தாத்தாவுக்கும் நடுவில் நிற்கிற பிள்ளை என்று வைத்தார். முகவரியை வைத்து வைத்த பெயர். மேல்நாட்டு ஜோதிடர்கள் பெயரைப் பார்த்தார்கள், கதையைத் தேடினார்கள், கதையில் புண் இருந்தது, ஜாதகத்தில் புண்ணை வைத்துவிட்டார்கள். அவர்களிடமிருந்து நம்மவர் கடன் வாங்கினார். கோவல் அதற்குக் கோவில்பட்டி என்று பெயர் வைத்திருந்தால், ஏழாம் இடத்தில் கோவில்பட்டி இருக்கிற பெண்ணைக் கட்டினால் வீட்டில் கடலை மிட்டாய்க்குப் பஞ்சமிருக்காது என்று பலன் எழுதியிருப்பார்கள். வாணியம்பாடிப் பக்கம் ஜவ்வாது மலையில் காவலூர் வானாய்வகத்தில், 1988 பிப்ரவரியில் ராஜமோகன் குழுவினர் கண்டுபிடித்த குறுங்கோள் ஒன்றுக்கு 4130 ராமானுஜன் என்று பெயர். அது பத்தாம் இடத்தில் இருந்தால் பிள்ளை கணக்கில் நூறு வாங்குவானா?

இரண்டாவது, கணக்கு. என் தம்பி மகள் 1996-ல் பிறந்தவள். அந்த வருஷம் பிப்ரவரியில்தான் கைரன் சூரியனுக்கு மிக நெருக்கத்தில் இருந்தது. நெருக்கத்தில் இருக்கும்போது வேகம் அதிகம். அப்படியும் ஒரு ராசியைக் கடக்கக் கிட்டத்தட்ட இரண்டு வருஷம் எடுக்கிறது. தூரத்தில் இருக்கும்போது ஒரே ராசியில் சுமார் எட்டு வருஷம் குந்தியிருக்கும். அப்படியானால் அவளோடு பள்ளிக்கூடத்தில் படித்த வகுப்பு முழுவதற்கும் கைரன் ஒரே ராசிதான். "இல்லை, லக்னம் மாறும், அதனால் இடம் மாறும்" என்பார்கள். மாறட்டும். இடம் பன்னிரண்டு. பன்னிரண்டில் ஒரு பங்குப் பேருக்கு அது ஏழில்தான் இருந்தாக வேண்டும். அறுபது பிள்ளைகள் உள்ள வகுப்பில் ஐந்து பேர். இந்தக் கரிசல் காட்டில் 1977-க்கு முன்னால் கல்யாணம் செய்த நம் அப்பன் பாட்டன் அத்தனை பேரிலும் பன்னிரண்டில் ஒருவருக்கு இந்தத் தோஷம் இருந்திருக்கிறது, ஒருத்தருக்கும் தெரியவில்லை. தெரியாததால்தான் கல்யாணமும் நடந்தது, நாமும் பிறந்தோம்.

மூன்றாவதைச் சொன்னால் சிலருக்கு வருத்தம் வரும். கண்ணுக்குத் தெரிகிற சனி எந்த ராசியில் இருக்கிறது என்பதிலேயே நம்மவர்களுக்குள் ஒற்றுமை இல்லை. திருக்கணிதப் பஞ்சாங்கப்படி சனி மீனத்துக்குப் போனது 2025 மார்ச் 29-ல். வாக்கியப் பஞ்சாங்கப்படி 2026 மார்ச் 6-ல். நடுவில் கிட்டத்தட்ட ஒரு வருஷம். இந்தக் கல்யாணப் பேச்சு நடந்த ஆவணியில் சனி ஒருவருக்கு மீனத்தில், இன்னொருவருக்குக் கும்பத்தில். ஏழரை நாட்டுச் சனி யாருக்கு ஆரம்பம், யாருக்கு முடிவு என்று டீக்கடையில் சண்டை. நம் பாட்டன்மார் ஆயிரம் வருஷத்துக்கு மேல் பார்த்த சனிக்கே முகவரி தகராறு. பெரிய தொலைநோக்கி இல்லாமல் பார்க்க முடியாத பனிக்கட்டிக்கு மட்டும் வீட்டு எண் சொல்லிவிடுகிறார்கள்!

இதைப் படித்துவிட்டு, "இவர் கறுப்புச் சட்டைக்காரர் ஆகிவிட்டார்" என்று யாரும் நினைக்க வேண்டாம். என் வீட்டு அலமாரியில் பஞ்சாங்கம் இருக்கிறது. அமாவாசைத் தர்ப்பணத்துக்கு அதைத்தான் பார்க்கிறேன். அமாவாசையைச் சொன்னால் அன்றைக்கு நிலா இருக்காது. அதை நான் சரிபார்க்க முடியும். பஞ்சாங்கக் கணிதம் கணக்கு கொடுக்கிற வேலை. பலன் சொல்வது கணக்கே கொடுக்காத வேலை. இரண்டையும் ஒரே வேட்டியில் முடிந்து வைத்ததுதான் நமக்கு வந்த கேடு.

புதுச்சேரியில் எங்கள் ஆசிரியர் ஒரு கதை சொல்வார். லெ ஜான்தீ என்ற பிரெஞ்சு வானியலாளர், சூரியனைச் சுக்கிரன் கடப்பதைப் பார்க்க இங்கே வந்தார். 1761-ல் யுத்தத்தால் கப்பலிலேயே நின்றுபோனார். அடுத்தது எட்டு வருஷம் கழித்து. அதற்காகவே காத்திருந்து புதுச்சேரியில் வானாய்வகம் கட்டினார். 1769 ஜூனில் அந்த நேரம் பார்த்து மேகம் மூடிக்கொண்டது. பாவம். ஆனால் இங்கே இருந்த காலத்தில் ஒரு தமிழரிடம் கிரகணக் கணக்குப் பழகினார். சோழிகளை வைத்துக்கொண்டு மனப்பாட வாய்பாட்டில் போடுகிற கணக்கு. 1765 ஆகஸ்ட் 30 சந்திர கிரகணம் எவ்வளவு நேரம் நீடித்தது என்பதில் தமிழ்க் கணக்கு 41 நொடி குறைவாக வந்தது. ஐரோப்பிய அட்டவணை 68 நொடி கூடுதலாகக் காட்டியது. சோழி ஜெயித்தது! லெ ஜான்தீ அதை மறைக்காமல் எழுதிவைத்தார். அந்தத் தமிழர் ஒரு எண்ணைச் சொன்னார், வானம் அதைச் சோதித்தது. நான் மதிக்கிற பஞ்சாங்கக்காரர் அவர்.

அவருக்குப் பின் நூறு வருஷம் கழித்து, சென்னை வானாய்வகத்தில் வேலை பார்த்த சிந்தாமணி ரகுநாதாச்சாரி. 1867-ல் ஒளி மாறும் நட்சத்திரம் ஒன்றைக் கண்டவர். 1874-ல் சுக்கிரன் கடப்பு வந்தபோது ஜனங்களுக்குப் புரியும்படி நம் மொழிகளில் சிறுபுத்தகம் போட்டவர். நாமம் போட்ட வைதிகர். அவர்தான் பஞ்சாங்கத்தை வானத்தோடு ஒப்பிட்டுத் திருத்த வேண்டும் என்று வாதாடினார். பழசைத் திருத்துவதற்குத் துணிச்சல் வேண்டும். புதுசாக ஒரு தோஷத்தைச் சேர்ப்பதற்கு ஒரு பிரிண்டர் போதும்.

எட்டயபுரத்துக்காரரை விட்டுவிட்டு இந்தப் பக்கத்துக்காரன் எதையும் பேச முடியாது. நான் புதுச்சேரியிலிருந்து இங்கே வந்தேன், பாரதி இங்கிருந்து புதுச்சேரிக்குப் போனார். அங்கே இருந்தபோதுதான் 1910-ல் ஹாலி வால்நட்சத்திரத்தைப் பற்றிப் பாட்டு எழுதினார். உலகமே பயந்து நடுங்கிய வால்நட்சத்திரம் அது. புதிய ஆத்திசூடியில் ஜோசியத்தைத் தள்ளச் சொன்னவரும் அவர்தான், வானநூலைப் படிக்கச் சொன்னவரும் அவர்தான். அவர் பிறந்த ஊரிலிருந்து பஸ் ஏறினால் அரை மணி நேரத்தில் வந்து சேரலாம் அந்தக் கம்ப்யூட்டர் கடைக்கு.

நானும் போனேன். சண்டைக்கு இல்லை, விசாரிக்க. இளைஞர் மரியாதையானவர், எழுந்து நின்று நாற்காலி போட்டார்.

"தம்பி, இந்தக் கைரன் நம்ம சாஸ்திரத்துல எந்த நூல்ல இருக்கு?"

"இது நவீன ஜோதிடம், அண்ணாச்சி. இப்ப எல்லாரும் பாக்காங்க. சாஃப்ட்வேர்லயே வருது."

"அதைக் கண்டுபிடிச்சு ஐம்பது வருஷம்கூட ஆகலை. ஒரு சுத்து முழுசா சுத்தி முடிக்கலை. அது ஏழுல இருந்தா என்ன ஆகும்னு யார் பாத்து எழுதுனா?"

கொஞ்சம் யோசித்தார். "நான் தோஷம்னு சொல்லல அண்ணாச்சி. கவனிக்கணும்னு சொன்னேன். அவங்கதான் தோஷம்னு எடுத்துக்கிட்டாங்க."

இந்தப் பதிலை நான் முப்பத்தைந்து வருஷம் ஆபீஸில் கேட்டிருக்கிறேன். கோப்பில் "பரிசீலிக்கலாம்" என்று எழுதிவிட்டு, பின்னால் வம்பு வந்தால் "நான் ஒப்புதல் தரவில்லையே" என்று சொல்கிற தந்திரம். சிவப்பு மை வட்டம் போட்டவர் யார் என்று கேட்டேன். சிரித்தார். பிரிண்டுக்கு முந்நூறு ரூபாய் வாங்கியதை ஒப்புக்கொண்டார். பரிகாரம் உண்டா என்று கேட்டதற்கு, "அதுக்கு இன்னும் நம்மூர்ல கோயில் அமையல" என்றார். கோயில் அமையாத வரைக்கும் பிழைத்தோம்.

லா ஃபோந்தேன் கதைகளை நாங்கள் வகுப்பில் ஒப்பிக்க வேண்டும். அதில் வானத்தைப் பார்த்துக்கொண்டே நடந்து கிணற்றில் விழுந்த ஜோசியன் கதை ஒன்று உண்டு. காலடியில் இருப்பதே தெரியாதவன் தலைக்கு மேலே இருப்பதை எப்படிச் சொல்வான் என்று பார்த்தவர்கள் கேட்பார்கள். நம் ஜோதிடர் விழ மாட்டார். அவர் வானத்தையே பார்ப்பதில்லை, திரையைத்தான் பார்க்கிறார். கிணற்றில் விழுந்தது எங்கள் வீட்டுப் பெண். எங்கள் ஊர்க் கிணறு வேறு, விழுந்தால் தாங்கத் தண்ணீர்கூட இருக்காது.

வானத்தை நிஜமாகப் பார்த்தவர்கள் தமிழ்நாட்டில் இல்லாமல் இல்லை. அதே 1977-ல், கைரன் அகப்படுவதற்கு ஏழெட்டு மாதம் முன்னால், மார்ச் 10-ஆம் தேதி, ஒரு நட்சத்திரத்தை யுரேனஸ் மறைப்பதைக் காவலூரில் ஒரு மீட்டர் தொலைநோக்கியில் பட்டாச்சார்யாவும் குப்புசுவாமியும் அளந்துகொண்டிருந்தார்கள். யுரேனஸ் வந்து மறைப்பதற்கு முன்பே நட்சத்திர ஒளி சில நொடி மங்கியது. அதே இரவு அமெரிக்கர்கள் விமானத்தில் தொலைநோக்கி வைத்துப் பறந்து பார்த்ததிலும் அப்படியே. யுரேனஸுக்கு வளையங்கள் இருப்பது அப்படித்தான் தெரியவந்தது. அதே உபாயத்தால் 2013 ஜூனில் தென் அமெரிக்காவிலிருந்து பார்த்து, சாரிக்லோ என்ற சென்டாருக்கு இரண்டு மெல்லிய வளையங்கள் இருப்பதைக் கண்டார்கள். இருநூற்றைம்பது கிலோமீட்டர் கட்டிக்கு வளையம்! இவ்வளவு பெரிய ஆச்சரியத்தை வைத்துக்கொண்டு அதைப் பெண் பார்க்கிற இடத்தில் முட்டுக்கட்டையாகப் போடத்தான் நமக்குத் தோன்றுகிறது.

பையன் வீட்டாரைத் திட்டி நிறைய எழுதலாம். அதற்கு முன் ஒன்றை ஒத்துக்கொள்கிறேன். போன் வந்த அன்று தம்பி வீட்டில் நானும் இருந்தேன். "விடுங்க, இதுல ஏதோ இருக்கத்தான் செய்யும், நல்ல வேளை இப்பவே தெரிஞ்சுது" என்று ஒரு பெரியவர் சொன்னார். நான் வாயைத் திறக்கவில்லை. கல்யாணக் காரியத்தில் எதிர்ப்பேச்சு வேண்டாம் என்று இருந்துவிட்டேன். அடுத்த அறையில் அந்தப் பெண் கேட்டுக்கொண்டிருந்தது எனக்குத் தெரியும். பார்மஸி படித்து, மாத்திரை அட்டையில் உள்ள பொடி எழுத்தை எல்லாம் படித்துச் சரிபார்த்துக் கொடுக்கிற பெண், ஒரு வாரம் தான் யாருக்கோ ஆகாதவள் என்று நினைத்துக்கொண்டு சரியாகச் சாப்பிடாமல் இருந்தாள். அந்த ஒரு வாரத்துக்கு நானும் பொறுப்பு.

புரட்டாசியில் ஒருநாள் ராத்திரி மின்சாரம் போயிருந்தது. விதைப்பு முடிந்து ஊர் அடங்கியிருந்த நேரம். ஒன்பதரை மணி இருக்கும், அவளை மொட்டை மாடிக்குக் கூட்டிப்போனேன். கிழக்கே சனி நன்றாக மேலே ஏறியிருந்தது, சிமிட்டாமல்.

"பெரியப்பா, இது கண்ணுக்கே தெரியுதே! அப்ப அந்தக் கைரன்?"

"சனிக்குக் கீழே, அந்தப் பக்கம் எங்கேயோ இருக்கும். நம்ம கண்ணுக்குத் தெரியாதும்மா. இப்போ அது தூரத்துல கிடக்கு."

கொஞ்ச நேரம் அந்த இருட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். "பாவம், அதுக்கே தெரியாது என்னைப் பத்தி" என்றாள். பிறகு அது எதனால் ஆனது, எவ்வளவு குளிர், எப்படிப் புகைகிறது என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். பெரிய விண்வெளித் தொலைநோக்கியில் அதைச் சுற்றிக் கரியமில வாயுவும் மீத்தேனும் கசிவதைக் கண்டிருக்கிறார்கள் என்று எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன்.

கீழே இறங்கி வந்தால், மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் அவள் அம்மா ஒரு புது ஜாதகத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கழுகுமலைப் பக்கத்து வரனாம். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நேராகக் கடைசிப் பக்கத்தைப் புரட்டினேன். சாவிக் குறி இல்லை. மாந்தி இருந்தது.